முப்பத்தொரு முறை செத்தவர்

நூறு முறை ஆடவிட்டுப் பார்த்ததில் என் புருஷன் முப்பத்தொரு முறை செத்துப்போனார். இதை என்னிடம் சொன்ன பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். வேலைக்குச் சேரும்போதே சீருடையோடு சேர்த்து அந்தச் சிரிப்பையும் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

"மீதி அறுபத்தொம்பது தடவையும் நல்லபடியா ஆடி முடிச்சுட்டாருங்க மேடம்," என்றாள்.

"அதுக்கு நான் சந்தோசப்படோணுமா கண்ணு?"

அவள் பெயர் ஹரிணி. எங்கள் பொன்மாலைக் குடியிருப்பில் முன்னோடிப் பிரிவின் அதிகாரி. செத்தவரும் உண்மையில் என் புருஷன் அல்ல, அவருடைய முன்னோடி. கிணத்துக்கடவைத் தாண்டி இருக்கும் இந்தக் குடியிருப்பில் அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஆனவர்கள்தான் இருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் ஒரு முன்னோடி உண்டு. இங்கே சேர்ந்த முதல் நாளில் டாக்டர் அதை எங்களுக்கு விளக்கியது நினைவிருக்கிறது. தோளுக்குக் கீழே தோலுக்கடியில் உளுந்து அளவுக்கு ஒரு மணி வைத்தார்கள். அந்த மணி, படுக்கும் கட்டில், போகும் கழிவறை, பல் விளக்கும் பிரஷ் எல்லாம் எங்களை அளந்துகொண்டே இருக்கும் என்றார். அந்த அளவுகளை வைத்து எங்கள் உடம்பைப் போலவே இன்னொரு உடம்பு இயந்திரத்துக்குள் ஓடும், நமக்கு ஒரு நாள் முதல் இரண்டு வாரம் வரை முன்னாலேயே வாழும் என்றார்.

"அப்ப நான் நாளைக்குத் திங்கப்போற தோசைய அது இன்னைக்கே தின்னு பார்த்துருமுங்களா?" என்று சம்பத் கேட்டார்.

"ஆமாங்க சார். தின்னா என்ன ஆகுமுன்னு சொல்லிரும்."

"ருசியா இருந்துச்சான்னு சொல்லுமா?"

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கையெழுத்து போட்டேன்.

இதில் ஒரு விதி உண்டு. நம்முடைய முன்னோடியை நாமே பார்க்கக் கூடாது. பார்த்தால் பயத்தில் உடம்பு மாறிவிடும், போட்ட கணக்கு தப்பாகிவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு காப்பாளர். முழு விவரமும் காப்பாளருக்குத்தான் வரும். அவர் அதைப் படித்துவிட்டு நமக்குத் தேவையானதை மட்டும் தினமும் காலையில் போனில் அனுப்புவார். ஆபத்தான காரியம் எதுவாக இருந்தாலும் காப்பாளர் அனுமதி கொடுத்தால்தான் குடியிருப்பின் கேட் திறக்கும். சம்பத்துக்கு நான் காப்பாளர், எனக்கு அவர். கல்யாணத்தின்போது ஐயர்கூட இவ்வளவு தெளிவாகப் பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கவில்லை.

எனக்கு இது பிடித்த வேலை. முப்பது வருடத்துக்கு மேல் ரயில்வே கன்ட்ரோல் அறையில் இருந்தவள் நான். எந்த வண்டியை விட வேண்டும், எதை லூப் லைனில் ஒதுக்கி நிறுத்த வேண்டும் என்று அறைக்குள் உட்கார்ந்தபடியே போனில் சொல்லிக்கொண்டிருந்தவள். ஒதுங்கி நிற்கிற வண்டி எதன்மீதும் மோதாது என்பதுதான் நான் கற்ற பாடம். அந்த வண்டிக்குள் இருப்பவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும், உயிரோடு இருந்துகொண்டுதானே திட்டுகிறார்கள்.

ஆகவே ஹரிணியின் மேசையில் இருந்த திரையில் 'மறுப்பு' என்ற இடத்தை அழுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சம்பத் ஹாலில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு அடவு போட்டுக்கொண்டிருந்தார். வள்ளி கும்மி. எழுபத்து மூன்று வயது, ரத்தக் குழாயில் ஒரு ஸ்டென்ட், இடது முட்டியில் தேய்மானம். ஐந்து மாதமாகப் பக்கத்து ஊர் மாரியம்மன் கோவில் மைதானத்தில் மகுடேஸ்வரன் ஆசிரியரிடம் கற்றுக்கொண்டிருந்தார். பயிற்சி நிதானமாக நடப்பது, இடையிடையே உட்காரலாம் என்பதால் நானும் விட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த அரங்கேற்றம் அப்படி இல்லை; ஹரிணி நூறு முறை ஓட்டிப் பார்த்தது அதைத்தான். இருநூறு பேர் ஒரே நிறத்தில் உடுத்தி, காலில் சலங்கை கட்டி, மதியத்துக்கு மேல் தொடங்கிப் பொழுது சாயும்வரை நிற்காமல் சுற்றிச் சுற்றிக் குதிக்க வேண்டும். நடுவில் ஒருவர் நின்றால் பின்னால் வருகிறவர் இடித்துக்கொள்வார்.

"எத்தனை சொன்னா?" என்றார், கையைத் தட்டியபடியே.

"முப்பத்தொண்ணு."

"பரவால்லியே. நான் பாதிக்குப் பாதி வருமுன்னு நெனச்சேன்."

"சிரிக்காதீங்க. மறுப்புன்னு போட்டுட்டு வந்துட்டனுங்க."

தட்டிய கை அப்படியே நின்றது. அவர் வாழ்நாள் முழுவதும் மோட்டார் பம்ப் விற்றவர். எதிரில் இருப்பவன் கதவைச் சாத்தினாலும் ஜன்னல் வழியாகப் பேசத் தெரிந்தவர். அன்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"பூங்கொடி, இது என் ஒடம்பு," என்றார் கடைசியில்.

"ஆமா. விழுந்தா தூக்கறது யாரு? மகளுக்கு போன் போட்டு அழுகறது யாரு? மூணாம் நாள் பால் ஊத்தறது யாரு? உங்க ஒடம்புதான், வேலையெல்லாம் எனக்குத்தான்."

"எனக்கு இந்த ஒரு ஆட்டம் ஆடோணும். அவ்வளவுதான்."

"எதுக்குன்னு சொல்லுங்க. சின்ன வயசுல ஆடுனீங்களா? உங்கப்பா ஆடுனாரா? ஒண்ணுமில்ல. போன வருசம் வரைக்கும் கும்மின்னா என்னன்னே தெரியாது உங்களுக்கு."

"அதுதான். எனக்குத் தெரியாத ஒண்ணு இன்னும் மிச்சம் இருக்குதுன்னு இந்த வயசுலதான் தெரிஞ்சுது."

இப்படிப் பேசுகிறவரை என்ன செய்வது? எனக்கு எரிச்சலில் தலை வலித்தது. எதிர்வீட்டு லதாமணியை நினைத்துப் பாருங்கள் என்று கத்தினேன். லதாமணியின் முன்னோடி ஒரு நாள் நின்றுபோனது. காப்பாளரான மகன் ஹைதராபாத்திலிருந்து வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்குவமாகச் சொன்னான். அவளை ஓய்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். மெத்தென்ற கட்டில், மெல்லிய இசை, கஞ்சி. சரியாக இரண்டு வாரத்தில் போய்ச் சேர்ந்தாள். எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்ததால் வர வேண்டியவர்கள் வந்தார்கள், நகை பிரிக்க வேண்டியவர்கள் பிரித்தார்கள், யாரும் அலறவில்லை. எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டது என்று துக்கத்துக்கு வந்தவர்கள் வியந்தார்கள். நானும்தான் வியந்தேன்.

"லதாமணி போன மாதிரி போறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும்," என்றேன்.

சம்பத் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சோபாவை மறுபடி பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டார், குளித்தார், செய்தி பார்த்தார், பேச்சு மட்டும் இல்லை. ஆனால் காலையில் எனக்கு வர வேண்டிய செய்தி தவறாமல் வந்தது. 'இன்று நல்ல நாள். மாம்பழம் முழுதாக ஒன்று சாப்பிடலாம். மதியம் தூங்காமல் இருந்தால் நல்லது.' வழக்கம்போல 'சரி' என்று பதில் போட்டேன். எனக்கு வரும் செய்திகள் எப்போதும் இப்படித்தான் இருக்கும். மற்ற வீடுகளில் அது கூடாது, இது கூடாது என்று வரும். எனக்கு மட்டும் மழையில் நனைந்தாலும் தாங்கும், தொலைவாக நடக்கலாம், ஜிலேபி சாப்பிடலாம் என்று வரும். அதில் எனக்குக் கர்வம் உண்டு. ஒழுக்கமாக வைத்திருக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

அவருடைய விவரத்தையும் நான் விடாமல் பார்த்தேன். கண் விழித்ததும் பக்கத்தில் படுத்திருப்பவரைப் பார்க்க மாட்டேன். தலைமாட்டில் இருக்கும் சின்னத் திரையைத்தான் பார்ப்பேன். அதில் அவருடைய இதயம் பச்சைக் கோடாக ஓடும். கோடு ஓடினால் எழுந்து பால் வைக்கப் போவேன். என்றைக்காவது திரை மக்கர் செய்தால் அவர் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்ப்பேன். அவர் தூக்கத்திலேயே என் விரலைத் தட்டிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அரங்கேற்ற நாள். மதியம் நான் சமையலறையில் இருந்தபோது கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பச்சைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் சலங்கை. பால்கனியிலிருந்து பார்த்தேன். கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே ஆசிரியரின் வேன் நின்றது. உள்ளே இவரைப் போலவே பச்சைச் சட்டைக்காரர்கள் ஏழெட்டுப் பேர்.

கேட் திறக்கவில்லை. சம்பத் இரண்டு முறை தள்ளிப் பார்த்தார். காவலாளி கையைப் பிசைந்துகொண்டு ஏதோ சொன்னான். சம்பத் திரும்பி வருவார் என்று நினைத்தேன். அவர் அப்படியே கேட்டின் முன்னால் தரையில் உட்கார்ந்து, காலில் சலங்கையைக் கட்ட ஆரம்பித்தார். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். வீட்டுக்கு வீடு ஜன்னல் திறந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஊரைக் கூட்டி என்னை ராட்சசி ஆக்குகிறார் என்றுதான் தோன்றியது. அடுப்பை அணைத்துவிட்டு நேராக ஹரிணியின் அறைக்குப் போனேன்.

"கட்டாய ஓய்வுன்னு ஒண்ணு இருக்குதுல்ல? காப்பாளர் கேட்டா ஒரு நாளைக்கு ஊசி போட்டுப் படுக்க வெப்பீங்களாமே. அதைப் போடுங்க அவருக்கு."

ஹரிணியின் சிரிப்பு காணாமல் போனது. "மேடம், அது ரொம்பக் கடைசிக்குத்தானுங்க. சார் ஒண்ணும் பண்ணலியே, உக்காந்துதான இருக்கறாரு."

"வெயில்ல உக்காந்திருக்கறாரு. நான் காப்பாளர். நான் கேக்கறேன்."

"சரிங்க." அவள் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். "உத்தரவு குடுக்கற காப்பாளர் நல்ல நிலைல இருக்கறாங்களான்னு நாங்க பார்க்கோணுமுங்க. அதுக்கு உங்க முன்னோடியையும் திறக்கோணும். ஒரு நிமிசம்தான்."

"தாராளமா பாரு. என் ஒடம்புக்கென்ன."

அவள் தட்டினாள். பார்த்தாள். மறுபடி தட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"நீங்க... பூங்கொடி சம்பத்குமார்தானுங்களே?"

"எத்தனை வருசமா பார்க்கறே என்னை? என்ன கேள்வி இது?"

அவள் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "அம்மா," என்றாள். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "உங்க முன்னோடி ஓடலீங்க. அது நின்னு மூணு வருசம் ஆகுதுங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ரிப்பேரா என்று கேட்டேன்.

"இல்லீங்கம்மா. ரிப்பேர் இல்ல. அது செத்துப்போச்சுங்க. தலைல ரத்தக் குழாய் வெடிச்சுன்னு இருக்குது. ஓய்வுப் பிரிவுல உங்களுக்கு எடம்கூட ஒதுக்கியிருக்காங்க. காப்பாளர் வேண்டாமுன்னு சொல்லிட்டாரு. இதெல்லாம் நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னால நடந்தது."

"எனக்குத் தினமும் காலைல செய்தி வருதே."

"எங்ககிட்ட இருந்து சாருக்கு எதுவும் போகலீங்க."

மாம்பழம், ஜிலேபி, மழை. மூன்று வருடமாக நான் 'சரி' என்று பதில் போட்டதெல்லாம் ஒரு பம்ப் வியாபாரியின் சொந்தச் சரக்குக்கு.

பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் யார்மீது என்று தெரியாமல். கிடைத்தவள் ஹரிணி.

"நின்னுபோனதுக்கப்பறமும் உசுரோட இருக்கறவங்க எத்தனை பேரு?"

"அப்படி யாரும் இல்லீங்கம்மா."

"நான் இருக்கறனே. உன் முன்னாலதான நிக்கறேன்."

"நின்னுட்டா ஓய்வுப் பிரிவுக்குத்தான் போவாங்க. அங்க போனவங்க..."

"போனவங்க?"

"போயிருவாங்க."

"எழுந்து நடக்க விடுவீங்களா அங்க?"

"இல்லீங்க. அலுங்காம வெச்சிருப்போம்."

"சோறு?"

"கஞ்சி மட்டும்."

"நாளைக்குச் சாகப்போறேன்னு சொல்லி, நடக்க விடாம, கஞ்சி ஊத்திப் படுக்க வெச்சா எந்த மனுசி பொழப்பா? லதாமணி செத்தது உங்க கணக்கு சரியா இருந்ததாலயா, இல்ல நீங்க படுக்க வெச்சதுனாலயா? அதையாச்சும் யாராச்சும் நின்னு யோசிச்சீங்களா?"

ஹரிணி திரையை அணைத்தாள். லதாமணி எப்படியும் போயிருப்பாளோ என்னவோ. அவள் வீட்டு வாசலில் நின்று, எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டது என்று மெச்சியவள் நான். அந்த வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

கேட்டுக்குப் போனேன். சம்பத் சலங்கை கட்டிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வியர்வையில் பச்சைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆசிரியர் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க," என்றேன். "நான் செத்து மூணு வருசம் ஆச்சாமே."

அவர் பாட்டிலை வாங்கவில்லை. ஆசிரியர் நாகரிகம் தெரிந்தவர், பாட்டிலைக் கம்பிக்கு அடியில் வைத்துவிட்டு வேனுக்குப் போய்விட்டார்.

"சொல்லிட்டாளா," என்றார் சம்பத்.

"எதுக்கு மறைச்சீங்க? என் சாவு எனக்குத் தெரிய வேண்டாமா? நீங்க யாரு அதைப் பூட்டி வெக்க?"

"தப்புதான்."

"தப்புன்னு ஒரு வார்த்தைல முடிக்காதீங்க."

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே தெரியுமா? ஒரு சார்ட் போட்டிருப்பே. எந்த நாள் யாரக் கூப்பிடறது, எந்தப் பொடவை கட்டறதுன்னு எழுதியிருப்பே. கரெக்டா அந்த டைமுக்குச் செத்துமிருப்பே. லேட்டாப் போறது உனக்கு ஆகாதே."

பக்கத்தில் காவலாளி இருமினான். அவனை ஒரு பார்வை பார்த்தேன், கூண்டுக்குள் போய்விட்டான்.

"அந்தச் செய்தி வந்த அன்னிக்குத்தான என்னை ஆழியாறுக்குக் கூட்டிட்டுப் போனீங்க," என்றேன். சட்டென்று நினைவு வந்தது. திடீரென்று கார் எடுத்தார். வழியெல்லாம் சண்டை போட்டேன். அணைக்கரையில் வறுத்த மீன் வாங்கிக் கொடுத்தார். முள் இருக்கிறது, உப்பு அதிகம் என்று அதற்கும் திட்டினேன்.

"ஆமா. நீ திட்டிட்டே தின்னே. ரெண்டு துண்டு. இதுதான் கடைசின்னு நெனச்சுப் பார்த்துட்டு இருந்தேன். அடுத்த நாள் காலைல எந்திரிச்சு, காபில சக்கரை இல்லேன்னு கத்துனே. சரி, நாளைக்குப் பார்த்துக்கலாமுன்னு விட்டேன். அப்பறம் அதுக்கடுத்த நாள். அப்படியே போயிருச்சு."

"தினமும் பயந்துட்டா இருந்தீங்க?"

"முதல் வருசம் ரொம்ப. ராத்திரியெல்லாம் நீ மூச்சு விடறதக் கேட்டுட்டே படுத்திருப்பேன். அப்பறம் ஒரு நாள் அலுத்துப்போச்சு. கணக்கு தப்பா, இல்ல வண்டி லேட்டா, எதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாமயே இருக்கட்டுமுன்னு விட்டுட்டேன். அப்பத்தான் இந்தக் கும்மிக்கே போனேன்."

அவர் சொன்ன விதத்தில் மனம் இளகியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். இளகவில்லை. மூன்று வருடம் ஒருவர் என்னைச் சின்னக் குழந்தை போல் ஏமாற்றியிருக்கிறார். நான் அவரை லூப்பில் நிறுத்தினேன் என்றால், அவர் எனக்குப் பொய்யாகப் பச்சை விளக்கு காட்டி ஓட்டியிருக்கிறார். இரண்டும் ஒரே திமிர்தான். அதை அவரிடமே சொன்னேன்.

"ஆமா," என்றார். "அதே திமிர்தான். ஆனா நீ மீன் தின்னியே."

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. போனை எடுத்து அவருடைய பக்கத்தைத் திறந்தேன். அனுமதி, மறுப்பு என்று இரண்டு இடங்கள். அனுமதி கொடுத்தால், நல்லதோ கெட்டதோ நடப்பதெல்லாம் நான் ஓட்டிய வண்டி ஆகிவிடும். அது எனக்கு வேண்டாம். கீழே, யாரும் தொடாத மூலையில், சின்ன எழுத்தில் 'காப்பாளர் விலகல்' என்று ஒன்று இருந்தது. அழுத்தினேன். விலகினால் அவருடைய விவரம் எதுவும் இனி எனக்கு வராது, உறுதியா என்று கேட்டது. இவ்வளவு நாளில் அந்த இயந்திரம் என்னிடம் கேட்ட ஒரே நியாயமான கேள்வி அதுதான்.

ஆம் என்றேன். மறுக்க இனி ஆள் இல்லை என்பதால் கேட் திறந்தது.

"போங்க," என்றேன். "செத்துப்போயிட்டு என்கிட்ட வந்து நிக்காதீங்க."

"நீ வரலியா?"

"உங்களத் திட்டி முடிக்கல. அதுக்காக வர்றேன்."

வேனில் எனக்கு முன்சீட்டு கொடுத்தார்கள்.

மாரியம்மன் கோவில் மைதானத்தில் பந்தல், ஒலிபெருக்கி, திருவிழாக் கூட்டம். ஆசிரியர் மைக்கைப் பிடித்ததும் இருநூறு சலங்கையும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. அதைப் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை. மோர் ஊற்றுகிற இடத்தின் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மோர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் ஒரு தரம் என்னைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளரை நீட்டினாள்.

பாட்டு வேகமெடுத்தது. சலங்கைச் சத்தத்தில் அவருடையது எது என்று பிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அறைக்குள் உட்கார்ந்து, நூறு மைல் தள்ளி இருக்கும் வண்டியை போனிலேயே ஓட்டியவள் நான். நாற்பது அடி தூரத்தில் இருக்கும் மனிதர் நிற்கிறாரா விழுந்தாரா என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறை கூட்டம் கூச்சல் போடும்போதும் ஒரு மிடறு மோர் குடித்தேன். அவரைத் திட்டினேன், ஹரிணியைத் திட்டினேன், எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கிய டாக்டரைத் திட்டினேன். எல்லாம் மனதுக்குள்தான். மோர் புளித்தது.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது சட்டென்று பாட்டு அறுந்தது. மேளமும் கேட்கவில்லை. கூட்டத்தில் 'அடடா' என்று ஒரு முனகல். பிறகு தாளம் தப்பிய சலங்கைச் சத்தம் மட்டும்.

முப்பத்தொன்று என்று நினைத்தேன். யாராவது வந்து சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்தேன், அதில் அவருடைய பக்கம் காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் எழுந்து திரும்பினேன்.

கரண்ட் போயிருந்தது. அவ்வளவுதான். ஆசிரியர் செத்த மைக்கைக் கீழே போட்டுவிட்டு வெறும் தொண்டையில் பாடிக்கொண்டிருந்தார். மேளக்காரர்கள் கையை உதறிவிட்டு மறுபடி அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆட்டம் நிற்கவே இல்லை. மூன்றாவது வட்டத்தில் சம்பத். அழகாகவெல்லாம் ஆடவில்லை. வாய் பிளந்திருந்தது, வேட்டி ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது, எல்லாரும் வலது காலைத் தூக்கும்போது இவர் இடது காலைத் தூக்கினார். பின்னால் வந்த ஒரு பெண் இவரை முதுகில் தட்டித் திருத்தினாள். அவர் என்னைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கிற மாதிரித் தெரியவில்லை.

அதன்பின் நான் உட்காரவில்லை. முடியும்வரை நின்றேன். முடிந்ததும் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூச்சு வாங்கியதில் பாதி மோர் சட்டையில் கொட்டியது.

"எப்படி இருந்துச்சு?" என்றார்.

"கண்றாவியா இருந்துச்சு."

வீட்டுக்கு வந்ததும் குளிக்காமல்கூடப் படுத்துத் தூங்கிவிட்டார். நான் திட்ட வைத்திருந்தது எல்லாம் அப்படியே மிச்சம்.

காலையில் விழித்ததும் பழக்கத்தில் தலைமாட்டுத் திரையைப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. போனைப் பார்த்தேன். எனக்கும் எந்தச் செய்தியும் இல்லை. மாம்பழம் சாப்பிடலாமா, நடக்கலாமா, இன்று நல்ல நாளா, எதுவும் இல்லை.

அவர் எனக்கு முதுகைக் காட்டிச் சுருண்டு படுத்திருந்தார். போர்வை கழுத்துவரை மூடியிருந்தது. அசைகிறதா இல்லையா என்று அந்த மங்கல் வெளிச்சத்தில் தெரியவில்லை. என் கை தானாக அவர் மூக்கை நோக்கிப் போனது. பாதி வழியில் எனக்கே என்மீது எரிச்சல் வந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

எழுந்து சமையலறைக்குப் போனேன். நேற்றைய சண்டை பாதியில் நிற்கிறது. மூன்று வருடத்துக்குச் சேர்த்து அவரைக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அடுப்பைப் பற்றவைத்து, இரண்டு பேருக்கும் பால் வைத்தேன்.